உங்களுக்குத் தெரியுமா? ‘கடகட’ கியருக்கு அரைச் சுற்று வைத்தியம்

சைக்கிளில் கியர் மாற்றினாலும் செயின் பல்லில் உட்காராமல் ‘கடகட’ என்கிறதா? ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டாம். பெரும்பாலும் கேபிள்தான் லேசாகத் தளர்ந்திருக்கும். செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் பின்சக்கரத்து டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகும் சிறு குமிழ் ஒன்று இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுத்தால், பின்னால் நின்று பார்த்து இடஞ்சுழியாக அரைச் சுற்று. இறங்க மறுத்தால் வலஞ்சுழியாக. பெடலைச் சுற்றிக்கொண்டே காது கொடுங்கள், சத்தம் அடங்கும்.

டீரெய்லரில் எச், எல் என்று குறித்த திருகுகள் எல்லைக்காவலுக்கு மட்டுமே. எல் தப்பினால் செயின் ஆரக்கம்பிக்குள் போய்விடும்! வண்டி வலப்பக்கம் விழுந்ததா? டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். அதை நிமிர்த்தாமல் எதைத் திருகியும் பயனில்லை.

லீவரைத் தட்டினால் ‘டக்’கென்று இடத்தில் விழும் கியர் முறையை ஷிமானோ நிறுவனம் 1984-இல் டூரா-ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. அதற்குமுன் பெரும்பாலும் லீவரை நகர்த்தி, காதாலேயே இடம் பிடித்தார்கள்.