குறட்டையும் நாப்பயிற்சியும்

நித்திரையிலே குறட்டை விடுபவரைக் கண்டு நகையாதார் நம்மிடையே அரியர். நாடக மேடையில் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு உறங்கினால் சபை குலுங்கிச் சிரிக்கின்றது. வீட்டிலோ, "ஆள் நல்ல அயர்ந்த நித்திரை" என்று சொல்லி உற்றார் மனநிறைவு கொள்கின்றனர். குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்னும் நம்பிக்கை அத்துணை தூரம் வேரூன்றியிருக்கின்றது. அந்நம்பிக்கை பிழையானது என்பதை நான் மிகக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

மாணவப் பருவத்தில் எங்களுக்கு இலக்கணம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் அடிக்கடி என் நினைவுக்கு வருகின்றார். பருத்த உடல், தடித்த கழுத்து, கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் எட்டும் கணீரென்ற குரல். இத்தகையவர் மத்தியான இடைவேளை கழிந்து கதிரையில் அமர்ந்தாராயின், சிறிது நேரத்திற்குள் கண் செருகிவிடும். சுண்ணக்கட்டி கையிலிருந்து நழுவி விழும். தொல்காப்பியப் பிறப்பியலை விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், வாக்கியத்தின் நடுவிலேயே உறங்கிப்போனார். வகுப்பு முழுவதும் சிரித்தது. திடுக்கிட்டு விழித்தவர், "தம்பிமார், இரவு முழுக்கப் படுத்துத்தான் எழும்பினனான், ஆனால் நித்திரை கொண்ட மாதிரியே இல்லை" என்றார். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

ஐம்பத்தைந்து வயது நிறையுமுன்னரே அவர் பாரிசவாதத்தினால் மறைந்தார். அவருக்கிருந்த நோய் இன்னதெனத் தீர்ப்புக் கூற நான் வைத்தியனல்லன். ஆயினும் தடித்த கழுத்து, உரத்த குறட்டை, பகலிலே தன்னையறியாத உறக்கம், விடிந்தும் தீராத களைப்பு ஆகிய இவையனைத்தும் ஒரே நோயின் குறிகளாக நூல்களில் வரிசைப்படுத்தப்பட்டிருப்பதைப் பின்னாளில் படித்தபோது, எங்கள் சிரிப்பு என் காதிலே மீண்டும் ஒலித்தது. அந்நோயையும், அதற்கு நாவையும் முகத்தையும் பயிற்றுவதால் கிடைக்கும் துணையையும் பற்றி இங்கே சிறிது கூற விரும்புகின்றேன்.

பேச்சுக்குக் கொடுத்த விலை

தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எழுத்துப் பிறக்கும் இடங்கள் எட்டினைத் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். எங்கள் ஆசிரியர் அன்று எண்ணிக்கொண்டிருந்ததும் இவற்றைத்தான். இந்த உறுப்புக்களிற் பெரும்பாலானவை பேச்சுக்கு மட்டுமன்றி மூச்சுக்கும் வாயில்களாம். மூக்கிற்கு எலும்பும் கசியிழையமும் காப்பாக உள்ளன. நெஞ்சுக்குள் இறங்கும் வாதனாளிக்குக் கசியிழைய வளையங்கள் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொண்டைப் பகுதிக்கோ அத்தகைய திடமான சட்டகம் இல்லை. விழுங்குவதற்கும் பேசுவதற்கும் வேண்டி அது நெகிழ்ந்து சுருங்கும் குழாயாக அமைந்துள்ளது. அதனைத் திறந்து வைத்திருப்பவை தசைகளே.

அத்தசைகளுள் முதன்மையானது, மோவாயின் உட்புறத்திலிருந்து விசிறிபோல விரிந்து நாவினுட் புகுந்து பரவும் தசையாகும். நாம் விழித்திருக்கும்போது அது நாவை முன்னிழுத்து நிறுத்தி, மூச்சு செல்லும் வழியைக் காக்கின்றது. உறங்கும்போது உடலின் ஏனைய தசைகளைப் போலவே அதுவும் தளர்கின்றது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு நாவின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகின்றது; மெல்லண்ணமும் உண்ணாக்கும் தாழ்கின்றன. ஒடுங்கிய வழியிலே காற்றுப் புகும்போது அந்த மென்மையான பகுதிகள் அதிர்கின்றன. அவ்வதிர்வே குறட்டை.

வழி ஒடுங்குவதோடு நில்லாமல் முற்றாக அடைபடுவதும் உண்டு. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோனால் அதனை ஒரு தடையெனக் கணக்கிடுவர். இரத்தத்தில் ஒட்சிசன் குறைகின்றது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகின்றது. அவர் திணறி, பலத்த ஓசையுடன் மூச்சை இழுத்து, மீண்டும் உறங்குகின்றார். காலையில் அவருக்கு இவற்றுள் எதுவும் நினைவிராது. மூச்சு முற்றாக நிற்பதையும் பெரிதும் குன்றுவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5 முதல் 15 வரையெனில் இலேசானது, 15 முதல் 30 வரையெனில் நடுத்தரமானது, அதற்கு மேலெனில் கடுமையானது என வைத்தியர் வகைப்படுத்துவர். மணிக்கு 30 என்றால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுக்காகப் போராட வேண்டியிருக்கிறது என்பது பொருள். இத்தகைய இரவைக் கழித்தவர் பகலில் உறங்கி விழுவதில் வியப்பென்ன? உயர் இரத்த அழுத்தமும் பாரிசவாதமும் வாகன விபத்தும் இந்நோயாளரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன.

இலக்கியத்திலிருந்து வைத்தியத்துக்கு

இந்நோயின் சாயலை வைத்தியருக்கு முன்னர் ஓர் எழுத்தாளரே கண்டு தீட்டினார் எனலாம். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836ஆம், 1837ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பிக்விக் கதையில் யோ என்னும் பருத்த பையன் ஒருவன் வருகின்றான். ஏவல் செய்ய வந்த இடத்திலும் அவன் உறங்குவான். உறங்கும்போது குறட்டை விடுவான். தலைமுறை தலைமுறையாக வாசகர் அவனைக் கண்டு சிரித்தனர். பருத்த உடலும் குன்றிய சுவாசமும் பகல் உறக்கமும் ஒருங்கே அமைந்த நோயாளர் ஒருவரைப் பற்றி 1956ஆம் ஆண்டில் எழுதிய அமெரிக்க வைத்தியர்கள், அந்நிலைக்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் அடைபடுவதைப் பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருந்த ஆய்வாளர்கள் தனித்தனியே கருவிகளால் பதிவுசெய்து காட்டியது 1965ஆம் ஆண்டில்.

1981ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த கொலின் சலிவன் என்னும் வைத்தியர், முகமூடியின் வழியாக மூக்கினுள் இடையறாது காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் பொறியை அறிமுகஞ் செய்தார். கடும் நோயாளருக்கு இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே. ஆயினும் இரவுதோறும் முகமூடி பூண்டு உறங்குதல் பலருக்கு இயலாதிருக்கின்றது. அத்தகையோரின் இடர்ப்பாடே வேறு துணைகளையும் தேடத் தூண்டியது.

ஊதுகுழல் கற்பித்த பாடம்

வாயின் தசைகளைப் பயிற்றலாம் என்னும் எண்ணம் பழையது. பல்வரிசையைச் சீராக்கும் அமெரிக்க வைத்தியர் அல்பிரட் றோஜர்ஸ், கம்பிகளால் மட்டுமன்றித் தசைப் பயிற்சியாலும் பல்லமைப்பைப் பேணலாமென 1918ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்த எண்ணத்தை உறக்கத்தோடு இணைத்த ஆய்வுகளுள் ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

அவுஸ்திரேலியாவின் வடபகுதி ஆதிக்குடிகளுக்கு டிட்ஜெரிடூ என்றொரு நீண்ட ஊதுகுழல் உண்டு. கறையான் அரித்துக் கோறையாக்கிய யூக்கலிப்டஸ் மரத்தாற் செய்யப்படுவது. அதனை ஊதுவோர் கன்னங்களில் அடக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கினால் மூச்சை உள்ளிழுப்பர். ஆதலால் ஒலி அறுபடுவதில்லை. சுவிற்சர்லாந்தில் இக்கருவியைப் பயிற்றிய ஆசிரியர் ஒருவரும் அவருடைய மாணவர் சிலரும், சில மாதப் பயிற்சியின் பின் தங்கள் குறட்டையும் பகல் உறக்கமும் குறைந்தனவெனக் கூறினர். அக்கூற்றைச் சூரிச் நகர ஆய்வாளர்கள் சோதனைக்கு உட்படுத்தினர். குறட்டையும் நடுத்தர மூச்சுத்தடையும் உடைய 25 பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் அக்கருவியைப் பயிற்றினர். மற்றோரைக் காத்திருக்கச் செய்தனர். பயின்றோரின் பகல் உறக்கமும் மூச்சுத்தடையும் குறைந்தன. அருகிற் படுப்போரின் நித்திரையும் குறைவாகவே குழம்பிற்று. 2005ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானிய வைத்தியச் சஞ்சிகையில் வெளிவந்த இவ்வாய்வுக்கு, 2017ஆம் ஆண்டில் இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. முதலிற் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கே அப்பரிசு வழங்கப்படுகின்றது.

பிரேசிலின் பயிற்சிமுறை

கருவியேதுமின்றி நேரடியாகவே தசைகளைப் பயிற்றினால் என்ன? பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரிற் பேச்சுச் சிகிச்சையாளர் கற்றியா கிமாரேய்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வினாவை எழுப்பினர். நடுத்தர மூச்சுத்தடையுடைய 31 பேர் மூன்று மாதம் ஆராயப்பட்டனர். ஒரு சாரார் நாள்தோறும் ஏறத்தாழ அரைமணி நேரம் நா, மெல்லண்ணம், முகம், தொண்டை ஆகியவற்றுக்குப் பயிற்சி செய்தனர். மறுசாரார் ஆழ்ந்து மூச்சுவிடுதலை மட்டுமே செய்தனர். 2009ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றோரின் மூச்சுத்தடை மணிக்குச் சராசரி 22 என்ற அளவிலிருந்து 14க்குக் குறைந்தது. குறட்டையும் பகல் உறக்கமும் தணிந்தன. உடல் எடை மாறாதிருக்கவும் கழுத்தின் சுற்றளவு சிறிது குறைந்தது. மறுசாராரிடம் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

அப்பயிற்சிகள் எத்தகையன என்பதை அறிந்தால் தமிழாசிரியர்கள் புன்னகை புரிவர். நாவின் நுனியை மேலண்ணத்தின் முன்புறத்தில் வைத்துப் பின்னோக்கி வழுக்கவேண்டும். நா முழுவதையும் அண்ணத்தோடு ஒட்டி மேல்நோக்கி உறிஞ்சவேண்டும். நுனி கீழ்ப்பற்களைத் தொட்டிருக்க, நாவின் அடியை வாயின் தளத்தை நோக்கி அழுத்தவேண்டும். உயிரெழுத்தை விட்டுவிட்டும் தொடர்ந்தும் ஒலித்து மெல்லண்ணத்தை உயர்த்தவேண்டும். இதழ்களை இறுக மூடி அரைநிமிடம் நிறுத்தவேண்டும். விரலைக் கன்னத்தின் உட்புறத்தில் வைத்து வெளியே தள்ள, கன்னம் அதனை எதிர்க்கவேண்டும். மூக்கினால் நீள மூச்சிழுத்துப் பலூனை ஊதவேண்டும். உணவை இருபுறமும் மாறிமாறி மெல்லப் பழகவேண்டும். நாவும் அண்ணமும் இதழும் தொழிற்படும் வகையைக் கூறும் பிறப்பியலின் களமே இங்குப் பயிற்சிக் களமாகின்றது.

மூக்கினால் மூச்சுவிடப் பழக்குதலும் இச்சிகிச்சையின் ஓர் அங்கமாகும். மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடித்து அனுப்புகின்றது. வாயைத் திறந்து உறங்கும்போது தாடை கீழிறங்கி, நா மேலும் பின்சரிந்து, தொண்டை இன்னும் ஒடுங்குகின்றது.

எல்லையும் எச்சரிக்கையும்

இவற்றைக் கேட்டவுடன், நாவை நாலுமுறை நீட்டி மடக்கினால் நோய் பறந்துவிடும் என்று எவரும் எண்ணலாகாது. பல ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய 2015ஆம் ஆண்டின் மதிப்பீடொன்று, இப்பயிற்சியால் வளர்ந்தோரின் மூச்சுத்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததெனக் கண்டது. பாதியாகக் குறைதல் முற்றாக நீங்குதல் அன்று. மணிக்கு 50 முறை தடைபட்டவருக்கு 25 முறை எஞ்சியிருக்கும். 2020ஆம் ஆண்டில் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வோ, இதுவரை நடந்த சோதனைகள் சிறியன, சான்றின் உறுதியும் போதாது என எச்சரித்தது. மேலும், பயிற்சியைக் கைவிட்டால் தசை மீண்டும் தளரக்கூடும். வீணை பயில்வோனுக்கும் ஓட்டப்பந்தய வீரனுக்கும் உள்ள விதியே நாவுக்கும் உண்டு.

ஆதலால் முதலில் வேண்டப்படுவது வைத்தியப் பரிசோதனை. நோய் கடுமையாயின் காற்றுப் பொறியே துணை. உடல் பருத்திருப்பின் எடையைக் குறைத்தல் நலம். மூக்கடைப்பு இருப்பின் அதனைத் தீர்த்தல் வேண்டும். அவற்றோடு சேர்த்து, பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளரின் வழிகாட்டலிற் செய்யப்படுவதே தசைப் பயிற்சி. இரவில் வாயை ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு உறங்கும் பழக்கம் ஒன்று அண்மைக்காலத்திற் பரவியிருக்கின்றது. மூக்கடைப்புள்ளவருக்கும் மூச்சுத்தடையுள்ளவருக்கும் அஃது ஆபத்து விளைக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நோய் சிறுவருக்கும் உண்டு. அவர்களிடம் பெரும்பாலும் தொண்டைச் சதையின் வீக்கமே காரணமாகின்றது. பெரியோரைப் போல உறங்கி விழாமல், அமைதியின்றித் துருதுருத்தும் கவனம் சிதறியும் அவர்கள் தோன்றுதல் கூடும். "குழப்படிக்காரன்", "மந்தன்" என்று நாம் பெயர் சூட்டும் பிள்ளைகளுள், இரவெல்லாம் மூச்சுக்குத் திணறியவன் ஒருவன் இருக்கலாம். வாயைத் திறந்தபடியே இருக்கும் பிள்ளையைக் கண்டால், பிரம்பைத் தேடுமுன் பெற்றோரை அழைத்து, "இரவில் இவன் எப்படி மூச்சு விடுகின்றான்?" என்று கேட்பது தகும்.

எங்கள் ஆசிரியரிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. நித்திரை கொண்ட மாதிரியே இல்லை என்று அவர் தாமாகவே விடை கூறியபோதும், அது விடையென்று விளங்கிக்கொள்ளும் அறிவு எங்களுக்கு இருக்கவில்லை. எழுத்துக்களின் பிறப்பிடம் எட்டையும் அவர் எங்களுக்கு மனப்பாடமாக்கித் தந்தார். அவற்றுள் நாவும் அண்ணமும் மிடறும் இரவு முழுவதும் அவரை வருத்தியிருக்கக்கூடும் என்பதை, அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே நான் எண்ணிப் பார்க்கின்றேன்.