நட்பு நாடும் மூன்று லட்சம் பேல் பஞ்சும்

சாயம் போட்டு வந்த துணியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தாலே போதும், வெளிநாட்டு வியாபாரி அந்தத் துணியைத் தள்ளிவிடுவார். பல நேரம் அதற்குக் காரணம் பஞ்சோடு கலந்து நூலுக்குள் போய்விட்ட பிளாஸ்டிக் சாக்கின் இழை. அதில் சாயம் ஏறாது. கையால் பறித்துச் சாக்கில் கட்டி வரும் நம் ஊர்ப் பஞ்சில் இந்தத் தொல்லை அதிகம். இயந்திரம் பறிக்கும் ஆஸ்திரேலியப் பஞ்சில் மிகக் குறைவு. கோவை, ஈரோடு வட்டாரத்தில் உயர்ரக நூல் நூற்கும் ஆலைகள் அந்தப் பஞ்சை விரும்புவது இதனால்தான்.

அந்தப் பஞ்சைத் தரும் ஆஸ்திரேலியாவுடன் இந்தியாவின் உறவு எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு ஆஸ்திரேலியா தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2014இல் அதே நாடு யுரேனியம் விற்க ஒப்பந்தம் போட்டது. ராஜீவ் காந்தி சென்று 28 ஆண்டுகள் கழித்து அந்த ஆண்டுதான் இன்னொரு இந்தியப் பிரதமர் அங்கே போனார். 2011இல் தொடங்கி இடையில் முடங்கிய வர்த்தகப் பேச்சு மீண்டும் சூடுபிடித்து, 2022 ஏப்ரல் 2இல் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது; டிசம்பர் 29இல் அமலுக்கு வந்தது.

அதனால் கொங்கு நாட்டுக்குக் கிடைத்தது என்ன? நம் ஜவுளி மீது ஆஸ்திரேலியா போட்டிருந்த 5 சதவீத வரி நீங்கியது. பஞ்சு இறக்குமதிக்கு 2021 பட்ஜெட் விதித்த 11 சதவீத வரியிலிருந்து, ஆண்டுக்கு 51,000 டன் ஆஸ்திரேலியப் பஞ்சுக்கு விலக்கு கிடைத்தது. பேல் ஒன்றுக்கு 170 கிலோ என்று கணக்கிட்டால் 3 லட்சம் பேல்.

நாட்டின் ஆலைகளுக்கு ஆண்டுக்கு வேண்டியதோ சுமார் 3 கோடி பேல். நூற்றில் ஒரு பங்குதான் இது!

2025 ஆகஸ்டில் இந்தியத் துணிக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, மத்திய அரசு பஞ்சு வரியை அந்த ஆண்டு இறுதிவரை நிறுத்தி வைத்தது. ஆனால் சில மாதச் சலுகையை நம்பி எந்த ஆலையும் ஓராண்டுக் கொள்முதலைத் திட்டமிட முடியாது. குஜராத், மகாராஷ்டிரப் பருத்தி விவசாயிக்கு உரிய விலை கிடைக்க வேண்டும் என்பதிலும் இரண்டாம் கருத்து இல்லை. அதற்கு இறக்குமதி வரிதான் வேண்டும் என்பதில்லை; ஆதார விலைக் கொள்முதல் என்ற வழி இருக்கிறது.

ஆஸ்திரேலியாவுடன் விரிவான ஒப்பந்தத்துக்கான பேச்சு நடந்துவருகிறது. பஞ்சு ஒதுக்கீட்டைக் கூட்டுவதை அதில் முதல் கோரிக்கையாக டெல்லி வைக்க வேண்டும்.