கடன் வாங்கும் முன் எக்ஸெல்லைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் திறப்பது பாட்டு, படம், கேம்ஸ். அடுத்து பிரவுசர். கடிதம் டைப் செய்ய வேர்ட். எக்ஸெல் மட்டும் பல வீடுகளில் ஒரு முறைகூடத் திறக்கப்படாமல் இருக்கும். "அது ஆபீஸ் வேலைக்குத்தானே" என்று விட்டுவிடுவார்கள். சொந்தத் தொழில் தொடங்கி, அதற்கு அரசு மானியத்துடன் கடன் வாங்கும் எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ இருந்தால், முதலில் திறக்க வேண்டியது இந்த எக்ஸெல்லைத்தான். எம்.எஸ். ஆபீஸ் இல்லை என்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்யலாம். அதிலுள்ள கால்க் இதே வேலைகளைச் செய்யும்.

முதலில் திட்டங்களைப் பார்ப்போம். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. 2008-ல் வந்தது. அதற்கு முன்பிருந்த இரண்டு வேலைவாய்ப்புத் திட்டங்களை இணைத்து உருவாக்கியது இது. காதி கிராமத் தொழில் கமிஷன் இதை நடத்துகிறது. நம் ஊரில் மாவட்டத் தொழில் மையம் மூலமும் விண்ணப்பிக்கலாம். 2022-ல் திட்ட மதிப்பின் உச்ச வரம்பு உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சமாகவும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. அப்போது திட்டத்தை 2025-26 நிதியாண்டு வரை நீட்டித்தார்கள். எனவே விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் நிலையைத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசுக்குத் தனியாக யு.ஒய்.இ.ஜி.பி., நீட்ஸ் என்ற திட்டங்கள் உள்ளன. நீட்ஸ் 2012-ல் தொடங்கியது. இரண்டிலும் மானியம் 25 சதவீதம். 2015-ல் வந்த முத்ரா கடனில் மானியம் கிடையாது. ஜாமீன் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். முத்ராவுக்கும் மானியம் உண்டு என்று யாராவது சொன்னால் அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பி.எம்.இ.ஜி.பி. விதிகளின்படி பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். சொந்தப் பணமாக முதல் பிரிவினர் 10 சதவீதமும் மற்றவர்கள் 5 சதவீதமும் போட வேண்டும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

பலர் தடுக்கி விழுவது இந்த மானியக் கணக்கில்தான். ஒரு உதாரணம். கிராமத்தில் ஒரு பெண் 5 லட்சம் ரூபாயில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பணம் 25,000. மானியம் 1,75,000. மீதி 3 லட்சம்தான் கடன் என்று நினைப்போம். ஆனால் வங்கி அனுமதிப்பது 4,75,000 கடன். மானியம் கைக்கு வராது. அது வங்கிக்கு வந்து, உங்கள் பெயரில் டெபாசிட்டாக மூன்று ஆண்டுகள் பூட்டி வைக்கப்படும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. கடனில் அதே அளவு தொகைக்கும் வட்டி கிடையாது. மூன்று ஆண்டு கழித்து தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். நடந்தால் டெபாசிட்டைக் கடனில் கழித்துவிடுவார்கள். கடையை மூடியிருந்தால் மானியம் திரும்பப் போய்விடும். 4,75,000-க்கும் நீங்கள்தான் பொறுப்பு. இனாம் என்று நினைத்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல்லில் ஒரு காலி செல்லில் கிளிக் செய்யுங்கள். மேலே பார்முலாஸ் டேப்பில் பைனான்சியல் என்பதைக் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் விரியும். அதில் பி.எம்.டி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டயலாக் பாக்ஸ் கிடைக்கும். ரேட் என்ற கட்டத்தில் 12%/12 என்று டைப் செய்யுங்கள். வருட வட்டியை மாதத்துக்கு மாற்றுகிறோம். 12 சதவீதம் என்பது உதாரணம்தான், உங்கள் வங்கி சொல்லும் வட்டியைப் போடுங்கள். என்பர் கட்டத்தில் 60, அதாவது 60 மாதத் தவணை. பி.வி. கட்டத்தில் 300000. கமா போட வேண்டாம். ஓகே கொடுத்தால் மைனஸ் குறியுடன் சுமார் 6,673 என்று வரும். எர்ரர் இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் கையை விட்டுப் போகும் பணம் என்பதால் மைனஸ். கால்க் பயன்படுத்துபவர்கள் கண்ட்ரோல் கீயுடன் எப்2 அழுத்தினால் இதே போன்ற விசார்ட் வரும்.

இப்போது பி.வி. கட்டத்தில் 475000 என்று மாற்றிப் பாருங்கள். தவணை 10,566 ஆகிவிடும். மாதம் கிட்டத்தட்ட 3,900 ரூபாய் வித்தியாசம். எனவே கையெழுத்துப் போடும் முன் மேலாளரிடம், "முதல் மூன்று வருடத் தவணையை எந்தத் தொகைக்குப் போடுகிறீர்கள் சார், மானியம் வந்து சேரும் வரை வட்டி எப்படி?" என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியில் கடன் வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு பங்க்ஷன். "வங்கியிலும் 12, எங்களிடமும் 12, ஆனால் பிளாட் ரேட்" என்பார்கள். 3 லட்சத்துக்கு 12 சதவீதம் வருடத்துக்கு 36,000, ஐந்து வருடத்துக்கு 1,80,000. மொத்தம் 4,80,000-ஐ 60-ஆல் வகுத்தால் மாதம் 8,000. அதே பைனான்சியல் பட்டியலில் ரேட் என்ற பங்க்ஷனைத் திறந்து, என்பரில் 60, பி.எம்.டி.யில் -8000, பி.வி.யில் 300000 கொடுங்கள். வரும் விடையை 12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 20.3 சதவீதம். நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் சேர்த்து வட்டி வாங்குவதால் இப்படி. இந்த உண்மையான விகிதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி உள்ளது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவரங்கள் அறிக்கை தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். அதில் ஏ.பி.ஆர். என்று இருக்கும் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது திட்ட அறிக்கை. என் சித்தி மகன் ஒருவன் டைப்பிங் சென்டரில் 3,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி வந்தான். பிரித்துப் பார்த்தால் ஏழாம் பக்கத்தில் கயிறு திரிக்கும் மிஷின்! அவன் தொடங்க நினைத்தது எண்ணெய்ச் செக்கு. வேறு யாருக்கோ செய்த பைலில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வங்கியில் இரண்டு கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வான்? அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து புது ஷீட் போட்டோம்.

அதை நீங்களும் போடலாம். ஏ காலத்தில் செலவின் பெயர், பி காலத்தில் தொகை. வாடகை 4,000, மின்கட்டணம் 3,000, உதவியாள் சம்பளம் 10,000, தவணை 6,673. முக்கியமாக, உங்கள் வீட்டுச் செலவுக்கு 12,000. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 35,673. கடலை, பாட்டில் செலவு போக, பிண்ணாக்கு விற்ற பணத்தையும் சேர்த்து லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், மாதம் 595 லிட்டர் விற்க வேண்டும். 26 நாளில் தினம் 23 லிட்டர். உங்கள் ஊரில் அத்தனை விற்குமா என்பதற்கு எக்ஸெல்லில் பதில் இல்லை. நான்கு மளிகைக் கடைகளில் கேட்டுத்தான் வர வேண்டும்.

15 லிட்டர்தான் போகும் என்று தெரிந்தால்? மாத விற்பனை 390 லிட்டர். லிட்டர் லாபத்தை ஒரு செல்லிலும், லாபம் பெருக்கல் விற்பனை கழித்தல் செலவு என்ற பார்முலாவை இன்னொரு செல்லிலும் வையுங்கள். டேட்டா டேப்பில் வாட் இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். பார்முலா இருக்கும் செல் 0 ஆக வேண்டும், லாப செல் மாற வேண்டும் என்று கொடுத்து ஓகே தட்டினால் 91 ரூபாய் 47 காசு என்று காட்டும். லிட்டருக்கு 31 ரூபாய் விலை ஏற்ற முடியுமா, வீட்டுத் திண்ணையில் நடத்தி வாடகையை மிச்சப்படுத்துவதா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். கால்க்கில் இதே வசதி டூல்ஸ் மெனுவில் இருக்கிறது.

கணக்குப் பழக்கம் இல்லாதவர்களுக்கு நேரில் சொல்லித் தரவும் ஆள் உண்டு. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி மையங்களில் தங்குமிடம், உணவுடன் பயிற்சி இலவசம்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சிறுதொழில் பதிவான உத்யம், 2020 ஜூலை 1 முதல் ஆதார் எண்ணை வைத்தே செய்யப்படுகிறது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் அரசு முத்திரை போன்ற படத்துடன் பணம் கேட்கும் தனியார் தளங்கள் வரும். பிரவுசரின் அட்ரஸ் பாரைப் பாருங்கள். முகவரியின் பெயர்ப் பகுதி டாட் கவ் டாட் இன் என்று முடிய வேண்டும். நடுவில் கவ் என்று வந்தால் போதாது. ஓ.டி.பி. எண்ணை ஏஜென்ட் உட்பட யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டையும் விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். எப்போதோ வாங்கிய செல்போன் தவணை பாக்கி அதில் நிற்கலாம். அடைத்துவிட்டுப் போனால் வேலை சுலபம்.

ஷீட்டை சேவ் செய்யும்போது பெயருடன் தேதியையும் சேர்த்து வையுங்கள். வங்கிக்குப் போகும்போது பிரிண்ட் அவுட் ஒன்றும், பென் டிரைவில் பைலும் இருக்கட்டும். மேலாளர் வட்டியை மாற்றிச் சொன்னால் வீட்டுக்கு வந்து ஒரு செல்லை மட்டும் திருத்தினால் போதும்.