பாம்பு ஓடுது... காரைக் காணோம்!

உங்கள் வீட்டு அலமாரி மூலையில் பழைய நோக்கியா பட்டன் போன் ஏதாவது கிடக்கிறதா? தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால், அடியில், 'மேட் இன் இந்தியா' என்று இருக்கிறதா? அப்படியானால், அது நம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த போனாக இருக்கலாம்!

அங்கே நோக்கியா தொழிற்சாலை 2006ல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் கால நோக்கியா போன்கள் பலவற்றில், 'ஸ்நேக்' என்ற பாம்பு விளையாட்டு இருந்தது. அதை உருவாக்கியவர் பின்லாந்து நாட்டின் டனெலி அர்மான்டோ. 1997ல், நோக்கியா 6110 போனில் முதலில் வந்தது. பாம்பு இரை தின்னும்; நீளும்; தன் உடம்பிலேயே முட்டினால் ஆட்டம் குளோஸ். அவ்வளவுதான்!

தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பின், அந்தப் பாம்பை யாராலும் மாற்ற முடியாது. 2014 நவம்பர் 1ல், அந்தத் தொழிற்சாலையே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பாவம், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆனால், பழைய போனுக்குச் சார்ஜ் போட்டால், பாம்பு இன்றும் ஓடும்!

அதற்கு அடுத்த மாதம், 2014 டிசம்பரில், பிரான்ஸ் நாட்டின் யூபிசாப்ட் நிறுவனம், 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை விற்பனைக்குக் கொண்டு வந்தது. டிஸ்க்கையே விலை கொடுத்து வாங்கினாலும், இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தால்தான் கார் நகரும். 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் இருக்கிறது, டிஸ்க் கையில் இருக்கிறது, காரைத்தான் காணோம்!

விற்ற கேமை இப்படிச் செய்யலாமா?

கேம் செய்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தவறுகளைத் திருத்த வேண்டும். குறுக்கு வழியில் ஜெயிப்பவர்களைத் தடுக்க வேண்டும். சர்வரை ஓட்டவும் செலவாகும். அதற்காக எதையும் செய்துவிட முடியுமா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் தயாராகின்றன. விற்ற காரின் பிரேக்கில் குறை தெரிந்தால், நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்து, இலவசமாகச் சரி செய்து கொடுக்கும். அப்படிச் செய்யும்படி அரசே உத்தரவிடவும், 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் உண்டு. யாருக்கும் கோபம் வராது. ஆனால், பிரேக்கைச் சரி செய்துவிட்டு, பின் சீட்டைக் கழற்றி வைத்துக்கொண்டால் விடுவோமா? கேமுக்கும் அதே கணக்குதான் என்பேன்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி, 2020 செப்டம்பரில், 'பப்ஜி மொபைல்' உட்பட 118 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30ல் கேம் அடியோடு நின்றது. இலவச கேம்தான், ஆனால், உடை, துப்பாக்கி அலங்காரம் என்று உள்ளே பணம் கட்டியவர்கள் ஏராளம். 2021 ஜூலையில், கொரியாவின் கிராப்டன் நிறுவனம், இந்தியாவுக்கென்றே மாற்றிய கேமை வெளியிட்டது. ரத்தம் பச்சை நிறமானது! 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான். (அதுவே அதிகம் என்பது இந்த வாத்தியாரின் கருத்து!) பழைய கணக்கில் இருந்த பொருட்களைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளக் கொஞ்ச காலம் அவகாசமும் கொடுத்தார்கள். அதுவும் 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது.

'தி க்ரூ' வாங்கியவர்களுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. 'கேம்களைக் கொல்லாதீர்கள்' என்று ராஸ் ஸ்காட் என்பவர் 2024ல் இயக்கம் தொடங்கினார். இதற்காக ஐரோப்பிய யூனியனுக்கு அனுப்பிய மனுவில், 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம். பிற்பாடு பறிபோகக்கூடிய கேமை விற்கும்போது, 'இது உங்களுக்குச் சொந்தமாகாது. பயன்படுத்த அனுமதி மட்டுமே' என்று தெளிவாகச் சொல்லாமல், 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது!

நம் 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், இன்டர்நெட்டில் விற்கும் டிஜிட்டல் பொருட்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எனவே, அடுத்த முறை கேமுக்குப் பணம் கேட்டு அப்பாவை நச்சரிக்கும் முன், அது இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். பணம் கட்டியதற்கான ரசீதை அழிக்க வேண்டாம். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால், பெரியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.