எஞ்சினுள் தட்டுவது யார்?

சந்தையிலே மண்பானை வாங்கச் செல்லும் மூதாட்டி, பானையின் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. அதைக் கையில் ஏந்தி, விரலால் சுண்டி, எழும் ஒலிக்குச் செவி சாய்க்கிறாள். ‘கணீர்’ என்று ஒலித்தால் பானை நன்று. ஓசை மங்கினால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத குற்றத்தைக் காது காட்டிக் கொடுக்கிறது. 1761ஆம் ஆண்டில், வியன்னா நகரில் வாழ்ந்த ஔவன்புருக்கர் என்னும் மருத்துவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்திருப்பதை அறியும் முறையை ஒரு நூலாக வெளியிட்டார். அவருடைய தந்தையார் விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி அதில் எஞ்சியிருக்கும் அளவை அறியும் வழக்கத்திலிருந்தே அம்முறை பிறந்தது என்பர்.

பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினில் எழும் தட்டோசையும் இத்தகைய செய்திதான். ஒரு வேறுபாடு உண்டு. இங்கே நாம் தட்டுவதில்லை, எஞ்சினே தட்டுகிறது. அது சொல்ல வருவதை அறிந்துகொள்வதே நம் வேலை.

எஞ்சினின் அமைப்பைச் சிறிது நினைவுகூர்வோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அக்கலவையை நெருக்குகிறது. மின்பொறி பாய்ந்ததும் கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டு, அந்த விசையைக் கிராங்குத் தண்டுக்குக் கொடுத்து அதைச் சுழற்றுகிறது. இணைப்புத் தண்டு கிராங்கைப் பற்றும் இடத்தில் பேரிங் என்னும் தாங்கி உண்டு. தாங்கிக்கும் தண்டுக்கும் இடையே இருப்பது, தலைமயிரின் பருமனிலும் குறைந்த ஓர் இடைவெளி. அதை நிரப்பி நிற்பது எண்ணெய்ப் படலம். அப்படலம் உள்ளவரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தேய்மானத்தால் இடைவெளி பெருகினாலோ, எண்ணெய் குறைந்தாலோ, தண்டு தாங்கியை மோதத் தொடங்குகிறது. அம்மோதலே ஓசையாகிறது.

எனினும், எல்லாத் தட்டோசையும் தாங்கியின் ஓசையன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரலும், அது வெளிப்படும் வேளையும் உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் எழுந்து, சூடேறியபின் அடங்கும் மந்தமான ஓசை, தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் அடிப்பதால் வருவது. வெப்பத்தால் பிஸ்டன் விரிந்து இடைவெளியை நிரப்பியதும் அது குறைந்துவிடுகிறது. வால்வுகளை இயக்கும் உறுப்புகளில் இடைவெளி மிகுந்தால், தையல் இயந்திரம் ஓடுவது போன்ற மெல்லிய ‘டிக் டிக்’ கேட்கும். இவ்விரண்டோடும் வண்டி நெடுநாள் ஓடக்கூடும். இணைப்புத் தண்டின் பெரிய தாங்கி தேய்ந்தாலோ, ஓசை ஆழமானது. சுத்தியால் அடிப்பது போன்றது. எஞ்சின் சூடேறி எண்ணெய் இளகியபின் அது வலுக்கும். எண்ணெய் அழுத்தமும் தாழும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டினால், தண்டு முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்து வெளிவரக்கூடும்.

இவற்றினின்றும் முற்றிலும் வேறான ஓசை ஒன்றுண்டு. வண்டி மேட்டில் ஏறும்போது, தகரப் பெட்டியில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போலக் கேட்பது அது. அதற்கு எந்த உறுப்பின் தளர்ச்சியும் காரணமன்று. எரிதலின் கோளாறே காரணம். மின்பொறியிலிருந்து தீ பரவிக்கொண்டிருக்கையில், கடைசி மூலையில் எரியாது நிற்கும் கலவை, அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானே ஒரே கணத்தில் பற்றிக்கொள்கிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் சிலிண்டரை அதிர வைக்கின்றன. மின்பொறி உரிய நேரத்திற்கு முன்பே பாய்வதும், சிலிண்டருக்குள் கரி படிவதும், எஞ்சின் மிகச் சூடாவதும், பெட்ரோலின் ஆக்டேன் எண் போதாமையும் இதற்கு ஏதுக்கள்.

இந்நோய்க்கு மருந்து தேடிய வரலாறு நாம் மறக்கலாகாதது. 1921ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டேடன் நகர ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் அடங்கிய ஒரு கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் இவ்வோசை அடங்குவதைக் கண்டார். எஞ்சினுக்கு அது அமுதமாயிற்று, மனிதனுக்கோ நஞ்சாயிற்று. 1924ஆம் ஆண்டில், நியூ ஜெர்சி மாநிலத்தில் அப்பொருளைத் தயாரித்த ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சால் மாண்டனர். இருந்தும், வண்டிப் புகையோடு ஈயம் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக 2021ஆம் ஆண்டில் அல்ஜீரியா அதைக் கைவிட்டது. ஓசையை அடக்குவது ஒன்று. தீங்கின்றி அடக்குவது வேறொன்று என்பதை உலகம் காலந்தாழ்த்தியே கற்றது.

இனி, நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 1988ஆம் ஆண்டில், சேலத்தில் வாழ்ந்த என் பெரியப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியராகிய அவர், சேமித்த பணத்தில் வாங்கியது அது. ஒருநாள் எஞ்சினில் ‘டொக், டொக்’ என்ற ஓசை தொடங்கிற்று. ஒரு தொழிற்கூடத்தில், “பேரிங் போய்விட்டது, எஞ்சினை முழுவதும் பிரிக்கவேண்டும்” என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை, வண்டியின் விலையையே நெருங்கியது. பழைய இரும்புக் கடைக்கு அதை விற்றுவிடப் பெரியப்பா முடிவு செய்துவிட்டார். முன்பணம் வாங்குவதற்கு முந்திய நாள், அண்டை வீட்டார் ஒரு முதிய மேஸ்திரியை அழைத்து வந்தார்.

மேஸ்திரி கருவி எதையும் எடுக்கவில்லை, கேள்விகளையே எடுத்தார்.

“வாத்தியார் ஐயா, ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும்போது ஓசை மிகுகிறதா?”

“இல்லை, மேஸ்திரி. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரிதான்.”

“காலையில் கேட்டுப் பிறகு அடங்குகிறதா?”

“எப்போதும் கேட்கிறது.”

எண்ணெயின் அளவு சரியாக இருந்தது. சூடேறியபின்னும் எண்ணெய் அழுத்தம் தாழவில்லை. அடுத்து, எஞ்சினை இயக்கி, மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் மின்சாரத்தையும் முறையே எஞ்சினின் உடலுக்குத் திருப்பி, அந்தச் சிலிண்டரை வேலை செய்யாது நிறுத்தினார். இணைப்புத் தண்டின் தாங்கி பழுதாயிருப்பின், அதற்குரிய சிலிண்டரில் எரிதல் நின்றதும் தாங்கியின் மேலுள்ள அடி குறையும்; ஓசையும் மாறும். நான்கையும் நிறுத்திப் பார்த்தார். ஓசை அணுவளவும் மாறவில்லை.

பின்னர் ஓசையின் எண்ணிக்கையைக் கவனித்தார். எஞ்சின் மெதுவாக நிமிடத்திற்கு 600 சுற்று சுழல்கையில், கிராங்குத் தண்டு விநாடிக்கு 10 முறை சுழலும். வால்வுகளை இயக்கும் காம் தண்டோ, அதில் பாதியாக, 5 முறையே சுழலும். ஓசையும் அந்தப் பாதி வேகத்திலேயே வந்தது. ஆகவே குற்றவாளி காம் தண்டைச் சார்ந்த ஏதோ ஒன்று. வால்வின் ஓசையாயின் மேலே கேட்கவேண்டும். அவர் ஒரு நீண்ட மரக்கோலின் ஒரு முனையைக் காதருகே வைத்து, சுழலும் விசிறியினின்று விலகி நின்று, மறுமுனையால் எஞ்சினை இடம் இடமாகத் தொட்டார். மேலே ஓசை மங்கியிருந்தது. பக்கவாட்டில், பெட்ரோல் பம்ப் பொருத்தியிருந்த இடத்தில் உரத்துக் கேட்டது.

அக்காலத்துப் பம்பில் ஒரு நெம்புகோல் உண்டு. காம் தண்டின் மேடு அதைத் தள்ள, ஒரு வில் அதைத் திரும்பவும் மேட்டோடு ஒட்டவைக்கும். வில் தளர்ந்தால் நெம்புகோல் பின்தங்கி, ஒவ்வொரு சுற்றிலும் அறைபடும்.

ஊகம் பொருந்தியது, எனினும் மேஸ்திரி அதோடு அமையவில்லை. எஞ்சினை நிறுத்தி ஆறவைத்து, பம்பைக் கழற்றி, பெட்ரோல் குழாயையும் எஞ்சினில் ஏற்பட்ட துளையையும் நன்றாக அடைத்தார். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தங்கியிருக்கும் பெட்ரோல், எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டப் போதுமானது. மீண்டும் இயக்கினார். எஞ்சின் ஓடியது, ஓசை இல்லை! பெரியப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இரும்புக் கடைக்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். புதிய பம்பின் விலை, தொழிற்கூடத்தார் கேட்டதில் ஒரு சிறு பகுதியே.

மாணவ நண்பர்களே, அந்த மேஸ்திரி கல்லூரியில் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் கையாண்டது அறிவியலின் முறையே. ஓசை எப்போது எழுகிறது, சுமையால் மாறுகிறதா, எத்தனை முறை கேட்கிறது, எங்கே உரக்கிறது என்று வினவினார். ஒவ்வொரு விடையாலும் ஒரு காரணத்தை விலக்கினார். எஞ்சிய ஒன்றையும் சோதனையால் உறுதி செய்தார். முதல் தொழிற்கூடத்தார் சொன்னதும் நடக்கக்கூடியதே. அதைச் சோதித்துப் பாராததுதான் அவர்கள் பிழை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஆழ்ந்த தட்டோசையோடு எண்ணெய் அழுத்தமும் தாழ்ந்தால், ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். நின்ற எஞ்சினைப் பழுது பார்க்கலாம். உடைந்த எஞ்சினை இரும்பு விலைக்கே விற்கவேண்டும்.