திரை காட்டும் கிலோமீட்டரை நம்பலாமா?

தாப்பாவிலிருந்து மின்சாரக் காரில் கேமரன் மலை ஏறி, கியா பார்ம் காய்கறிச் சந்தை ஓரம் நிறுத்திவிட்டுத் திரையைப் பாருங்கள். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கார் சொல்லும் கணக்கு வயிற்றைக் கலக்கும். அதே காரில் தாப்பாவுக்கு இறங்கிப் பாருங்கள். கியா பார்மில் காட்டியதைவிடக் கூடுதலாகக் காட்டினாலும் வியப்பில்லை. இரண்டு இடத்திலும் பேட்டரி ஒன்றுதான். இடையில் அது கெடவும் இல்லை, தேறவும் இல்லை.

பழைய மின்சாரக் கார் பார்க்கப் போகிறவர்கள் பலர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அது அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடும் உத்தேசக் கணக்கு. மலைச் சாலையில் அது எப்படி ஏமாற்றும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1,800 கிலோ எடையுள்ள கார் 1,500 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டுமே 7 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). சமதளத்தில் அதை வைத்து 45 கிலோமீட்டர் ஓடலாம். இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அதில் ஒரு பெரும் பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஆனால், மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். அது பழுது அல்ல.

அப்படியானால் பேட்டரியின் உண்மையான நலத்தை எப்படி அறிவது? புதிதாக இருந்தபோது எத்தனை யூனிட் பிடித்தது, இப்போது எத்தனை பிடிக்கிறது என்ற விகிதம்தான் அது. காரின் கண்டறியும் துளையில் ஒரு சிறிய கருவியைச் செருகி, கைப்பேசிச் செயலியில் இந்தச் சதவீதத்தைப் படிக்கலாம். ஆனால், அதுவும் காரின் கணினி போடும் கணக்கே. பழைய நிசான் லீஃப் காரில் பேட்டரி நலத்தை 12 கோடுகள் காட்டும். கருவி வைத்து அவற்றை மீட்டமைத்துப் புதிதுபோலக் காட்டிவிட முடியும். சில வாரங்கள் ஓடிய பிறகுதான் கோடுகள் மறுபடி குறையும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

ஏமாற்றக் கடினமான சோதனை ஒன்று உண்டு. ஓர் இரவு போதும். பேட்டரி 10 சதவீதமாக இறங்கியதும் சாதாரண ஏசி சார்ஜரில் மாட்டி, 100 வரை ஏற்றுங்கள். சார்ஜர் எத்தனை யூனிட் கொடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். 60 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். சார்ஜர் 50 யூனிட் காட்டினால், உள்ளே போனது 45. அது 90 சதவீதத்துக்கான அளவு. முழுக் கொள்ளளவு 50. அதாவது 83 சதவீத நலம். துல்லியம் முன்பின் இருக்கலாம், ஆனால் பொய்யான 98-ஐ இது காட்டிக்கொடுத்துவிடும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

பாதியில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிஒய்டி ஆட்டோ 3 போன்ற கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இதன் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அங்கே கார் காட்டும் சதவீதம் வெறும் ஊகம். முழுதாக நிரம்பும்போதுதான் அது சரியாகிறது.

பேட்டரியின் பெரிய எதிரி வெப்பம். 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் லீஃப் உரிமையாளர்கள் கோடுகள் மறைவதாகப் புகார் எழுப்பினர்; அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. நம் சமவெளி வெயிலும் லேசானதல்ல. முழு சார்ஜோடு வெட்டவெளியில் நாள்தோறும் காய்ந்த காரைவிட, கியா பார்ம் குளிரில் நின்ற கார் ஒரு விதத்தில் கொடுத்துவைத்தது. எல்லாக் காரும் அரிசோனா கதையாகிவிடாது: ஜியோடேப் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி இழப்பு ஆண்டுக்கு 1.8 சதவீதம்தான். ஆனால் நீங்கள் வாங்குவது சராசரியை அல்ல, ஒரு குறிப்பிட்ட காரை.

மலைச் சாலையே இன்னொரு பரிசோதனைக்கூடம். ரிங்லெட் தாண்டி ஏறும்போது, பக்கத்தில் இருப்பவர் செயலியில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் கவனிக்கட்டும். எல்லாம் சேர்ந்து இறங்குவது இயல்பு. ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டு விலகிக் கீழே போனால், காரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியில் உத்தரவாதம். 8 ஆண்டுகள் அல்லது 160,000 கிலோமீட்டர், நலம் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பழுதுபார்ப்பு அல்லது மாற்று என்பது பல நிறுவனங்களின் வழக்கம். எட்டு ஆண்டுகள் எண்ணப்படுவது கார் புதிதாக விற்ற நாளிலிருந்து. மூன்று வயதுக் காரை ஏழு ஆண்டுத் தவணையில் எடுத்தால், கடைசி இரண்டு ஆண்டுகள் உத்தரவாதம் இல்லாமலே தவணை கட்டுவீர்கள். அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை, அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.