படகில் மட்டுமே போகக்கூடிய மாயன் நகரம்!

மெக்சிகோவின் சிச்சென் இட்சாவுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அந்தக் கூட்டம் எட்டாத மாயன் நகரம், யஷ்சிலான். குவாத்தமாலா எல்லையில், உசுமசிந்தா ஆற்றங்கரைக் காட்டுக்குள் இருக்கிறது. சாலை கிடையாது, ஃப்ரோன்தேரா கொரோசால் ஊரிலிருந்து படகில்தான் போகவேண்டும்.

கரையேறினால் ஹவ்லர் குரங்குகளின் உறுமல் கேட்கும். இருட்டறைகளில் வௌவால்கள் உண்டு, டார்ச் அவசியம்.

வாசல்களின் உத்தரக்கல் சிற்பங்களே நகரின் பெருமை. அரசி ஷோக், நாக்கைத் துளைத்து முள்கயிறு இழுத்து, தெய்வத்துக்கு ரத்தம் காணிக்கை தரும் சிற்பம் உலகப் புகழ்பெற்றது. ஆனால், 1880-களில் பெயர்த்தெடுக்கப்பட்ட அது இன்று இருப்பது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்!

மேட்டிலுள்ள 33-ம் எண் கோயிலில், உத்தரக்கற்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

எல்லைப் பகுதி என்பதால், பாதுகாப்பு நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.